பழைய ரோட்ஸ்டர் படங்களுக்கு வண்ணம் பூசாதீர்கள்

1940களில் எடுத்த ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்) படங்களை ஏஐ மென்பொருளில் போட்டு, வண்ணம் பூசி, பளபளவென்று ஆக்கிப் பகிர்வது இப்போது ரொம்பவே பெருகிவிட்டது. லைக்குகளும் குவிகின்றன. எனக்கோ ஒவ்வொரு முறையும் மனசு பதறுகிறது. ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

ரோட்ஸ்டர் என்பது நிலையான கூரையோ, பக்கவாட்டுக் கண்ணாடியோ இல்லாத திறந்த கார். போர்டின் மாடல் டி, மாடல் ஏ, 1932 மாடல் ஆகியவற்றைச் சல்லிசான விலைக்கு வாங்கி, எடையைக் குறைத்து, இன்ஜினை முடுக்கிவிட்டு, தெற்குக் கலிபோர்னியா இளைஞர்கள் மொஹாவி பாலைவனத்துக்கு ஓட்டிப் போனார்கள். மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகள்தான் அவர்கள் வேகத்தைச் சோதித்துப் பார்த்த களம். இதை ஒழுங்குபடுத்த 1937இல் எஸ்.சி.டி.ஏ. (சதர்ன் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன்) என்ற சங்கமும் உருவானது. அங்கே கூடியவர்கள் கையில் இருந்த சாதாரண கேமராவில் எடுத்தவைதான் இந்தப் படங்களில் பல.

எல் மிராஜ் படங்களில் அடிக்கடி கண்ணில் படும் மாடல் ஏ ரோட்ஸ்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கதவில் வெள்ளையில் பெரிதாக ஓர் எண். அதை விட்டுவிட்டுக் கொஞ்சம் கீழே பாருங்கள். சேசிஸ் சட்டத்தின், அதாவது காரின் உடலைத் தாங்கும் அடிச்சட்டத்தின், வெளிப்பக்கத்தில் நீளவாக்கில் வளைந்து ஓடும் ஓர் அழுத்துக்கோடு தெரிகிறதா? தெரிந்தால் அது 1932 போர்டின் சட்டம். எட்டு சிலிண்டர் கொண்ட வி-8 இன்ஜின் வசதியாக உட்காரும், வலுவும் கூடுதல் என்பதால் அதன்மேல் பழைய உடலை ஏற்றியிருக்கிறார்கள். அப்புறம் முன்சக்கரம். பிரேக் தட்டின் பின்னால் ரப்பர் குழாய் ஒன்று வளைந்து போனால் அது திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக். போர்டு 1939இல்தான் அதற்கு மாறியது, அதனால் பெரும்பாலும் அந்த ஆண்டு அல்லது அதற்குப் பிந்தைய காரிலிருந்து கழற்றி மாட்டியதாக இருக்கும். ஹெட்லைட்டும் முன்கண்ணாடியும் இல்லையா? சாலையில் வரும்போது அவை இருந்திருக்கும். ஏரியில் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவார்கள், திரும்ப மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். முன்கண்ணாடிக் கம்பிகள் இருந்த ஓட்டைகூடச் சில படங்களில் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் புகைபோக்கிக் குழாய்கள். எட்டு சிலிண்டர் இன்ஜினில் பக்கத்துக்கு நான்கு குழாய் இருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் போர்டின் பழைய பிளாட்ஹெட் வி-8இல் நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களுக்கும் புகை வெளியேற ஒரே வாசல், ஆகவே பக்கத்துக்கு மூன்றுதான். நான் பார்த்த ஒரு ‘மெருகேற்றிய’ படத்தில் நான்கு இருந்தன. சட்டத்தின் அழுத்துக்கோடு மழுங்கிப்போய், பிரேக் குழாய் இருந்த இடம் வெறும் நிழலாகியிருந்தது. நாம் படிக்க வேண்டிய அத்தனையும் போய்விட்டது.

நிறத்தின் கதை இன்னும் மோசம். அன்றைக்குச் சாதாரண மக்கள் நிறைய வாங்கிய கோடக் வெரிக்ரோம் என்ற கறுப்பு-வெள்ளை பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கிட்டத்தட்ட கறுப்பாகவே விழும். அந்தக் குறையை நீக்கிய வெரிக்ரோம் பான் 1956இல்தான் வந்தது. ஆக, படத்தில் கன்னங்கரேலென்று நிற்கும் ரோட்ஸ்டர் நேரில் ரத்தச் சிவப்பாக இருந்திருக்கலாம். மென்பொருள் அதற்குக் கருநீலம் பூசும். நாலு பேர் பகிர்ந்த பிறகு அதுவே ‘அசல் நிறம்’ ஆகிவிடும்.

ஒரு பழைய போர்டைப் புதுப்பிக்கத் தொழிற்சாலை வரைபடம் கிடைக்கும், உதிரிப்பாகப் பட்டியல் கிடைக்கும். ஹாட் ராடுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஒவ்வொன்றும் ஒருவர் தன் கொட்டகையில் தன் யோசனைப்படி செய்தது. 1997இல் கலிபோர்னியாவின் பெபிள் பீச் கார் கண்காட்சி ஹாட் ராடுகளுக்கு முதன்முதலாக ஒரு பிரிவைத் திறந்தபோது, டோன் ஸ்பென்சர் என்பவர் அந்தக் காலத்தில் மாற்றியமைத்த 1932 ரோட்ஸ்டர் அதில் முதல் பரிசு வாங்கியது. இப்படிப்பட்ட கார்களை மீட்டெடுக்க உட்காருபவர்களுக்குப் பழைய படங்களை விட்டால் வேறு சாட்சி ஏது? அந்தச் சாட்சியைத்தான் நாம் அழகுபடுத்துகிறோம் என்று சொல்லிக் கலைக்கிறோம்.

உங்களிடம் இப்படி ஒரு படம் இருந்தால், ஓரத்தை வெட்டாமல் முழுசாக ஸ்கேன் செய்து போடுங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து. இடமோ, வேகமோ, தேதியோ யாராவது பென்சிலில் எழுதியிருக்கக்கூடும். வண்ணம் பூசியே ஆக வேண்டும் என்றால், சரி, பூசுங்கள். ஆனால் மூலப்படத்தையும் பக்கத்திலேயே வையுங்கள், நிறம் வெறும் ஊகம் என்று ஒரு வரி எழுதுங்கள்.