மண்ணில் ட்ரையல்ஸ், டர்ஃபில் மேட்ச்

கல்லூரி ஹாக்கி டீமுக்கு ஆள் எடுக்கச் செம்மண் கிரவுண்டில் ட்ரையல்ஸ் வைக்கிறார்களே, பார்த்தாலே வயிறு எரிகிறது. ஜெயித்து மேலே போனால் ஆடப்போவது டர்ஃபில், அதாவது செயற்கைப் புல்தரையில். தேர்வு மட்டும் சரளைக்கல்லில்!

கோவில்பட்டி டர்ஃபில் பழகிய பையனை நினைத்துப் பாருங்கள். மட்டையைத் திருப்பித் தரையோடு கிடத்தி, இடப்பக்கம் ரிவர்ஸில் பந்தை நிறுத்துவது அவனுக்குக் கைவந்த கலை. இங்கே 160 கிராம் பந்து ஒரு சின்னக் கல்லில் பட்டு எகிறி, மட்டையைத் தாண்டி முழங்காலுக்கு வரும். உடனே 'ட்ராப் (பந்தை நிறுத்துவது) சரியில்லை' என்று பெயரை அடித்துவிடுகிறார்கள். தப்பு அவன் கையிலா, தரையிலா?

மட்டை பாடு இன்னும் மோசம். நாரிழையில் செய்த காம்போசிட் மட்டையின் விளிம்பு மண்ணில் உரசி உரசி நார் பிரிந்து நிற்கும். விளிம்பு சொரசொரப்பானால் அம்பயர் அதை வைத்து ஆட விடமாட்டார். பிள்ளைகள் பல ஆயிரம் போட்டு வாங்கியது ஐயா அது!

ட்ரையல்ஸில் வைக்கும் பதினைந்து நிமிட ஆட்டத்தில், பின்னால் நின்று தடுக்கும் ஃபுல்பேக்குக்கு நாலு பந்துகூட வராது. கோல் போட்டவன் பெயர்தான் நோட்டில் ஏறும். எதிரணி கோல் அருகே தப்பு செய்தால் கிடைக்கும் பெனால்டி கார்னரில் பந்தைத் தள்ளிவிடுபவன், அதை நிறுத்துபவன் இருவரையும் தனியாகச் சோதிப்பதே இல்லை.

டர்ஃப் கிடைக்காவிட்டால் கிரவுண்டைப் பெருக்கி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து ரோலராவது ஓட்டுங்கள். ட்ரையல்ஸுக்குப் போகும் தம்பிகளே, பழைய மரமட்டை ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். புது மட்டைதான் இருக்கிறதென்றால் கீழ் விளிம்பில் டேப் சுற்றுங்கள். பந்தை நிறுத்தும்போது மட்டையைக் கிடத்தாமல் நிமிர்த்திப் பிடியுங்கள்.