கணக்கில் வராத வாவி

"மட்டக்களப்பில் பார்க்க என்ன பறவை இருக்கிறது? குமணைக்கல்லவா போக வேண்டும்?" எங்கள் பறவை பார்க்கும் குழுவைப் பற்றி எடுத்துச் சொல்லும்போதெல்லாம் முதலில் வருவது இந்தக் கேள்விதான். குமணைக்குத் தாராளமாகப் போங்கள். மே, ஜூன் மாதங்களில் குமணை வில் என்ற சதுப்பு ஏரியின் கண்டல் மரங்களில் கூழைக்கடாவும் நாரையும் கரண்டிவாயனும் கொக்கும் நெருக்கியடித்துக்கொண்டு கூடு கட்டும். உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கதிர்காமத்துக்கு நடந்து போகிற அடியார்கள் அந்தக் காட்டு வழியாகத்தான் போகிறார்கள். பறவை பார்க்கும் பழக்கமே இல்லாத என் பெரியம்மா கூட, பாத யாத்திரையில் கண்ட மயில்களைப் பற்றி இன்னும் ஆசையாகச் சொல்வார். குமணை 1938இல் சரணாலயமாக்கப்பட்டது. பிறகு தேசியப் பூங்காவானது. 2010இல், சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது. அதற்கு வாயில் உண்டு, காவலர் உண்டு, டிக்கெட் உண்டு, சட்டமும் உண்டு.

என் கவலையெல்லாம் வாயிலும் டிக்கெட்டும் இல்லாத இடத்தைப் பற்றியது. நம் மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். பாலமீன்மடு முகத்துவாரத்தில் ஒரு வாய், தெற்கே கல்லாற்றில் இன்னொரு வாய். நடுவில் ஒரு நகரம், எத்தனையோ கிராமங்கள், வயல்கள், கோயில்கள், பள்ளிவாசல்கள், இறங்குதுறைகள். நாம் பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது யன்னல் வழியாகத் தெரிகிற நீர்க்காகமும் வெள்ளைக் கொக்கும் மீசை ஆலாவும் நமக்குப் பழகிப்போனவை. பழகிப்போனதாலேயே அவற்றை யாரும் குறித்து வைப்பதில்லை. இலங்கையில் ராம்சார் பட்டியலில் இருக்கும் ஈரநிலங்கள் பூந்தல, ஆனைவிழுந்தான், மாது கங்கை, வங்காலை, குமணை, வில்பத்து ஆகியவை. மட்டக்களப்பு வாவி அதில் இல்லை.

அந்தப் பட்டியலுக்கான அளவுகோல்களில் இரண்டை எங்கள் குழுவில் சேருகிற எல்லோருக்கும் நான் சொல்லிவிடுவேன். ஓர் ஈரநிலத்தில் 20,000 நீர்ப்பறவைகள் வழக்கமாகத் தங்குமானால் அது சர்வதேச முக்கியத்துவம் உள்ளதாகக் கொள்ளப்படலாம். அல்லது, ஏதேனும் ஒரு நீர்ப்பறவை இனத்தின் ஒரு தொகுதியில் 1 சதவீதம் அங்கே வழக்கமாகக் காணப்பட்டாலும் போதும். இரண்டும் எண்கள். அதுவும் ஒரே ஒரு நாள் எண்ணிய எண் போதாது. ஆண்டுதோறும் எண்ணிய எண் வேண்டும். அழகான படம் எத்தனை இருந்தாலும் அந்த இடத்தில் அது செல்லாது. "எங்கள் ஊரில் நிறையப் பறவை வரும்" என்பதும் செல்லாது.

குழு தொடங்குவதற்கு முன்பு இதை நேரிலேயே பார்த்தேன். வாவிக்கரையில் ஒரு சேற்றுத்திடல். மாரி முடிந்து தண்ணீர் வடியும் நாட்களில் நெடுங்கால் உள்ளான்கள் வரிசையாக நின்று மேயும் இடம். ஒரு நாள் டிப்பர் வந்தது, கிரவல் கொட்டியது; அடுத்த மாரிக்குள் அது திடலே இல்லை. அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஓர் அலுவலகத்தில் முறையிட்டார்கள். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்: "அங்கே எவ்வளவு பறவை வந்தது, எந்தெந்த ஆண்டு வந்தது, எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?" ஒருவரிடமும் இல்லை. அந்தக் கேள்விக்கு ஒரு கொப்பி நிறையப் பதில் இருந்திருந்தால் டிப்பர் நின்றிருக்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் பேச்சு அந்த இடத்திலேயே முடிந்திருக்காது. எங்கள் குழுவின் வேலை எது என்று என்னிடம் கேட்டால், அந்தக் கொப்பியை எழுதுவதுதான் என்பேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கிழக்கில் இந்தக் கொப்பி ஏன் இவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்பதற்குக் காரணம் நம் எல்லோருக்கும் தெரியும். கழுத்தில் தொலைநோக்கி மாட்டிக்கொண்டு வாவிக்கரையில் நிற்கக்கூடிய காலமாகவா இருந்தது? சோதனைச்சாவடியில் அதற்கு என்ன விளக்கம் சொல்லியிருப்போம்? குமணையே 1985 முதல் 2003 வரை மூடிக்கிடந்தது. திறந்த அடுத்த ஆண்டு சுனாமி வந்தது. தென்னிலங்கையில் ஒரு தலைமுறை பறவைகளைப் பார்த்து, எழுதி, பிள்ளைகளுக்குப் பழக்கிய காலத்தில் நம் தலைமுறை வேறு கணக்குகளை எண்ணிக்கொண்டிருந்தது. சிலோன் பேர்ட் கிளப் 1943இலிருந்து இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த களப் பறவையியல் குழு 1976இல் தொடங்கியது. அவர்களுடைய உழைப்பை மதிக்கிறேன். அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. ஆனால் நம் வாவிக்கரை வலையிறவில் எந்த மாதம் எந்தச் சேறு தெரியும் என்பது இங்கே பிறந்து வளர்ந்தவனுக்குத்தான் தெரியும். நம் வாவியை நாமே எண்ண வேண்டும், தமிழில் எழுதி வைக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

எண்ணுவது எப்படி என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரியிலும் பல நாடுகளில் ஒரே காலப்பகுதியில் நடக்கிறது. வடக்கிலிருந்து வலசை வந்த பறவைகள் ஜனவரியில் ஓரிடத்தில் நிலைகொண்டிருக்கும். இன்று இங்கே எண்ணிய கூட்டத்தை நாளை இன்னோரிடத்தில் மறுபடி எண்ணிவிடும் ஆபத்து குறைவு. விடிகாலையில், வெயில் முகத்தில் அடிக்காத பக்கமாக நிற்க வேண்டும். முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணுக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும். பிறகு அந்த அளவைக் கூட்டத்தின் மேல் பத்து பத்தாக, பெருங்கூட்டமாக இருந்தால் நூறு நூறாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, எண்ணி முடித்த பிறகுதான் ஒருவர் எண்ணை மற்றவருக்குச் சொல்ல வேண்டும். இது முக்கியம், ஏனென்றால் பக்கத்தில் நிற்பவர் சத்தமாக "முன்னூறு" என்று சொல்லிவிட்டால் நம் கண்ணும் முன்னூறைத்தான் பார்க்கும். எண்ணுகிறபோது கூட்டம் எழுந்து பறந்தால் பதறக் கூடாது. எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் குழுவில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருக்கிறாள். வெறும் திடலைப் பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லையே, இதையும் எழுதத்தான் வேண்டுமா?" என்று கேட்டாள். எழுதத்தான் வேண்டும், மகள். சென்ற ஆண்டு இருந்த இடத்தில் இந்த ஆண்டு பூச்சியம் என்றால், அதைவிடப் பெரிய செய்தி அந்தக் கொப்பியில் வேறு இல்லை.

இனி, முகத்துக்கு நேரே கேட்கப்படும் இன்னொரு கேள்வி. வாவியில் அத்தாங்கு போட்டு இறால் பிடிக்கும் பெரியவர் ஒருவர் கேட்டார்: "பிள்ளை, நீங்கள் கொக்கை எண்ணுகிறீர்கள். எங்கள் இறாலை யார் எண்ணுவது?" எனக்கு இந்தக் கேள்வி மிகவும் பிடித்திருந்தது. பறவைப் பாதுகாப்பு என்றால் வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

கண்டல் வேர்களுக்கு நடுவில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. அதே கண்டலின் மேலேதான் கொக்கும் நீர்க்காகமும் அடைகின்றன. உள்ளான்கள் அலகை நுழைத்துத் தேடும் சேற்றுப் புழுக்களையும் சிறு நண்டுகளையும்தான் மீனும் தின்கிறது. கண்டலை வெட்டி, சேற்றை மூடி, மிச்சத்தில் பொலித்தீனைக் கொட்டினால் முதலில் போவது பறவை. பறந்து போக அதற்கு இறக்கை இருக்கிறது. அடுத்தபடி போவது தோணிக்காரரின் வருமானம். கடலில் ஆலாக்கள் எங்கே விழுந்து எழுகின்றன என்று பார்த்து மீன் கூட்டத்தை அறிந்தவர்கள் நம் மீனவர்கள். இந்தத் தொடர்பை நான் அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்தப் பெரியவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "மாமா, நாங்கள் எண்ணுவது உங்கள் இறாலையும் சேர்த்துத்தான். இறால் தண்ணீருக்கடியில் இருக்கிறது, எங்களால் பார்க்க முடியாது. கொக்கு மேலே நிற்கிறது." அவர் சிரித்தார். அடுத்த முறை தன் தோணியிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு போய், கரையிலிருந்து தெரியாத ஒரு திட்டைக் காட்டினார். கூழைக்கடாக்கள் பகலில் அங்கே படுத்திருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் அதுவரை தெரியாது.

அந்தப் பயணத்தில்தான் கம்பில் கட்டி விட்டுப்போன பழைய தங்கூசி (நைலோன் இழை) வலையில் ஒரு நீர்க்காகம் மாட்டியிருந்ததைக் கண்டோம். மீனைத் துரத்திக்கொண்டு நீருக்குள் போகும் பறவைக்குத் தங்கூசி கண்ணில் படாது. பெரும்பாலானவை அங்கேயே மூச்சடைத்துச் செத்துப்போகும். இது கழுத்தை மேலே நீட்டிக்கொள்ளும் அளவுக்கு இழை தளர்ந்திருந்ததால் உயிரோடு இருந்தது. பெரியவர் தோளில் கிடந்த துவாயை அதன் தலைமேல் போட்டு, கொக்கி போல வளைந்த அலகைப் பிடித்துக்கொண்டார். ஒருவர் நகம் வெட்டும் சிறு கத்தரியால் இழைகளை ஒவ்வொன்றாக வெட்டினார். ஓர் இழை இறகுகளுக்குள் புகுந்து தோலையே அறுத்திருந்தது. துவாயை எடுத்தபோதுதான் அந்தக் கண்ணை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். உடம்பெல்லாம் கறுப்பு, கண் மட்டும் பச்சை கலந்த நீலம், ஈரமான மணி ஒன்றைப் பதித்தது போல. விட்டதும் தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடி ஒரு கம்பின் மேல் ஏறியது. உடனே இரண்டு சிறகையும் விரித்துக் காயப்போட்டது.

தொழில் செய்கிறவரிடம் வலை போடாதே என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. கேட்பது ஒன்றுதான்: பயன்படாத வலையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அது மீனையும் வீணாகக் கொல்கிறது. எங்கள் குழு கரையோரத்தில் கிடக்கும் பழைய வலைகளைச் சேர்த்து அகற்றத் தொடங்கியதும் அந்தப் பெரியவரின் யோசனைப்படிதான்.

வயல்காரர்களோடு பேச்சு இவ்வளவு இலகுவாக இல்லை. மயில் பெருகி, விதைத்ததைக் கிளறித் தின்கிறது என்று அம்பாறைப் பக்கத்து நண்பர்கள் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. பறவை பார்ப்பவர்கள் அதை மறைத்துப் பேசக் கூடாது. அதே வட்டையில் இரவில் கூகை எத்தனை எலியைப் பிடிக்கிறது என்பதையும் சேர்த்துப் பேசலாம். கூகை கத்தினால் சாவு வரும் என்று கல்லெறிகிற வழக்கம் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. வரம்பில் ஒரு கம்பு நட்டுக் குறுக்கே மட்டை கட்டி வைத்தால் அது வந்து உட்காரும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

கண்ணி வைத்துக் காட்டுத்தாரா பிடித்து விற்கிறவர்களைப் பற்றி எனக்கு நீண்ட பேச்சில்லை. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒருசில இனங்களைத் தவிர இந்நாட்டின் எல்லாப் பறவைகளும் பாதுகாக்கப்பட்டவை. வாங்குகிறவர்கள் இருப்பதால்தான் விற்கிறார்கள். வாங்காதீர்கள்.

எங்களைப் போன்ற குழுக்களுக்குள்ளேயே சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. கமராவோடு வருகிறவர்கள் வரட்டும். நல்ல படம் பத்துப் பேரைப் பறவையின் பக்கம் இழுக்கும். ஆனால் கூட்டைப் படமெடுப்பதற்காகக் கிளையை ஒதுக்குவதும், கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைப்பதும், கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு எழுதிப் போடுவதும் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாதவை. ஆக்காட்டி வெறுந்தரையில்தான் முட்டையிடும். மண்ணும் கல்லும் கலந்த நிறத்தில் நான்கு முட்டைகள், கூர்முனை உள்நோக்கி. தாய் எழுந்து கத்திக்கொண்டு சுற்றும் ஒவ்வொரு நிமிடமும் அந்த முட்டைகள் வெயிலில் வேகின்றன. காகம் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. அது கத்தத் தொடங்கினால் படம் எடுக்காமல் வந்த வழியே திரும்புவதுதான் எங்கள் குழுவின் ஒழுங்கு. இந்த ஒழுங்கு பிடிக்காமல் விலகிப்போனவர்கள் உண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை.

புரட்டாசி, ஐப்பசியில் ஆறுமணிக்குருவி வந்து சேரும். இரவில் கடலைக் கடந்து வந்த களைப்பில் சில நேரம் விறாந்தையில், குளியலறையில், வகுப்பறையில் விழுந்து கிடக்கும். பச்சை முதுகும் அடிவயிற்றில் சிவப்புமாக அதைக் கண்டதும் கூட்டில் அடைத்து வளர்க்கும் ஆசை பிள்ளைகளுக்கு வரும். வேண்டாம். காற்றோட்டமுள்ள ஓர் அட்டைப்பெட்டியில், பூனை நாய் வராத இருட்டான இடத்தில் சிறிது நேரம் வைத்துவிட்டு, தெளிந்ததும் பற்றை உள்ள இடமாகப் பார்த்துத் திறந்து விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சோறு ஊட்டாதீர்கள். இந்த மூன்று வரியைத்தான் பள்ளிக்கூடங்களுக்குப் போகும்போது நாங்கள் கரும்பலகையில் எழுதிவிட்டு வருகிறோம்.

வரும் ஜனவரிக் கணக்கெடுப்புக்கு வலையிறவு, மண்முனை, பட்டிருப்பு ஆகிய இடங்களுக்கு ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். கல்லாற்றுப் பக்கமும் வாகரைப் பக்கமும் இன்னும் ஆள் இல்லை. பறவைகளின் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. அதை உடன் வருகிறவர்கள் சொல்லித் தருவார்கள். அந்தப் பக்கத்துத் தண்ணீரையும் சேற்றையும் அறிந்த ஒருவர், தோணி வைத்திருப்பவராக இருந்தால் இன்னும் நல்லது, விடிவதற்கு முன் வர முடிகிறவராக வேண்டும். தொலைநோக்கி குழுவிடம் இருக்கிறது. தொப்பி, தண்ணீர், ஒரு கொப்பி, பென்சில் கொண்டு வாருங்கள். பேனை வேண்டாம், பனியில் எழுத்து ஊறிவிடும். விருப்பமுள்ளவர்கள் இந்தப் பதிவின் கீழே உங்கள் ஊரின் பெயரை மட்டும் எழுதுங்கள், நான் தொடர்புகொள்கிறேன்.