வெட்டத் தயாரான ஃபைலாம்!

"வெட்டுவதற்குத் தயார்" என்று ஒரு இலவசப் பட ஃபைலுக்குப் போட்டிருந்தார்கள். அதை நம்பிய பாவத்துக்கு நேற்று ராத்திரி இரண்டே முக்கால் வரை தூங்கவில்லை. கட்டிங் மெஷின், அதாவது கம்ப்யூட்டர் படத்தின் கோட்டைப் பிடித்துக் கத்தியால் அட்டை வெட்டுகிற மெஷின், வைத்திருக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, உங்களுக்கும் நடந்திருக்கும்.

இன்றைக்கு மே 21, சர்வதேச தேயிலை தினம். ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் நேற்று சாயங்காலம்தான் கூப்பிட்டார். "தங்கச்சி, கொழுந்து பறிக்கிற ஒரு அம்மா உருவம், பதினொரு அங்குல உயரத்துல, பச்சை பிரிஸ்டல் போர்ட்ல வேணும். கீழ 'தேயிலைத் தினம்'னு எழுத்து. காலையில ஏழு மணிக்கு வந்து எடுக்கிறேன்." சரி டீச்சர் என்றேன். தேடியதும் ஒரு படம் கிடைத்தது. இலவசம், வெக்டர் (கோடுகளாலேயே ஆன படம்), எஸ்விஜி ஃபைல். பார்க்க அவ்வளவு அழகு. முதுகில் கூடை, உச்சந்தலையில் கூடைக் கயிறு, இடுப்பில் சேலைக்கு மேல் கட்டுகிற படங்கு, எல்லாம் சரியாக வரைந்திருந்தார்கள்.

படம் வரைகிற மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் திறந்தேன். பதினொரு அங்குலம் என்று போட்டிருந்த படம் எட்டேகால் அங்குலமாக வந்து நிற்கிறது. வரைந்தவரின் மென்பொருள் அங்குலத்துக்கு 72 பிக்சல் என்று கணக்குப் போட்டிருக்கிறது, இங்க்ஸ்கேப் 96 என்று எடுத்துக்கொள்கிறது. சரி, இது பழகிய வலிதான். பெரிதாக்கிவிட்டு மெஷினுக்கு அனுப்பினேன்.

மெஷின் முதலில் ஒரு பெரிய வட்டத்தை வெட்டியது. எங்கிருந்து வந்தது அந்த வட்டம்? படத்தில் வட்டமே இல்லை! தேடிப் பார்த்தால், பின்னணியை மறைக்க ஒரு வெள்ளை வட்டத்தை அடியில் போட்டு வைத்திருக்கிறார்கள். வெள்ளைத் திரையில் வெள்ளை வட்டம் கண்ணுக்குத் தெரியாது. கத்திக்கு நிறம் ஏது? அதற்குக் கோடு மட்டும்தான் தெரியும். முதல் அட்டை போச்சு.

வட்டத்தை நீக்கிவிட்டு இரண்டாவது அட்டையைப் போட்டேன். இலைக்கு மூன்று பச்சை வேண்டும் என்று ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று உருவம் அடுக்கியிருந்தார்கள். கத்தி மூன்றையும் வெட்டியது. கை ஒரு உருவம், சேலை ஒரு உருவம், உடம்பு ஒரு உருவம், எதையும் ஒன்றாகச் சேர்க்கவில்லை. அதனால் கை தோளோடு அறுந்து தனியாக வந்தது. கூடையோ வெட்டவே இல்லை. ஏனென்றால் அது வெக்டரே இல்லை, எஸ்விஜிக்குள் கோடே இல்லாத, பிக்சலால் ஆன ஒரு பிஎன்ஜி படத்தைச் செருகி வைத்திருக்கிறார்கள். வெக்டர் என்று எழுதிவிட்டுப் புகைப்படம் மாதிரி ஒன்றை உள்ளே ஒளித்து வைப்பது ஏமாற்று வேலை. வேறு பெயர் இதற்கு இல்லை.

அம்மா எழும்பி வந்து அட்டையைப் பார்த்தார். "கயிறு எங்க பிள்ளை?" என்றார்.

கயிறு இல்லைதான். திரையில் கயிறு மாதிரித் தெரிந்தது வெறும் தடித்த கோடு. கோட்டின் தடிப்பு கத்திக்குத் தெரியாது, நடுவில் ஒரு கீறல் போட்டுவிட்டுப் போய்விடும். கோட்டை உருவமாக மாற்றி, அப்புறம் தலையோடும் கூடையோடும் இணைத்தால்தான் கயிறு அட்டையில் வரும். இங்க்ஸ்கேப்பில் 'ஸ்ட்ரோக் டு பாத்', அடுத்து 'யூனியன்'. இரண்டு சொடுக்கு. அதைச் செய்யக்கூட அந்த ஆளுக்கு மனம் வரவில்லை. என் அம்மா முப்பது வருஷம் அந்தக் கயிற்றைத் தலையில் தாங்கியவர். மழையில் ஊறிய கொழுந்தோடு கூடை என்ன கனம் என்று அவரைக் கேட்க வேண்டும். அந்தக் கயிறு இல்லாத கூடையை நான் எப்படிப் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டக் கொடுப்பேன்?

அதனால் ஒன்பதரை மணிக்கு உட்கார்ந்து எல்லாவற்றையும் நானே செய்தேன். கூடையின் பின்னலை, படத்தைத் தானாகக் கோடாக மாற்றுகிற 'ட்ரேஸ் பிட்மேப்' போட்டு எடுத்தால் கோடு நெடுக ஆயிரக்கணக்கில் புள்ளிகள். அத்தனை புள்ளியிலும் கத்தி நின்று நின்று போனால் அட்டை பிய்ந்து நார் நாராக வரும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பேனா கருவியை எடுத்துப் பின்னலைக் கோடு கோடாக நானே வரைந்தேன். இடையில் கரண்ட் வேறு போனது. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் எங்கள் பக்கம் அதுதான் கதி. மெஷின் பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடராது, மூன்றாவது அட்டையும் போச்சு. நான்காவதில்தான் உருவம் முழுசாக வந்தது, கயிற்றோடு.

இலவசம்தானே, குறை சொல்லலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இலவசமாகக் கொடுங்கள், கும்பிட்டு எடுத்துக்கொள்கிறோம். ஆனால் ஒரு தடவையாவது ஒரு அட்டையில் வெட்டிப் பார்க்காமல் "வெட்டுவதற்குத் தயார்" என்று எழுதாதீர்கள். அட்டை எங்கள் காசு.

அப்புறம் தமிழ் எழுத்துரு செய்கிறவர்களே, உங்களிடமும் ஒரு மன்றாட்டு. புள்ளியை எழுத்தோடு ஒட்டி வைத்த எழுத்துருக்கள் எங்களுக்கு வேண்டும். வெட்டியதும் புள்ளி தனியாக விழுந்துவிடுகிறது. 'தேயிலைத் தினம்' என்பதில் இரண்டே புள்ளி. த் மேலிருந்தது, வெட்டும்போது அட்டையை ஒட்டி வைக்கிற பசை விரிப்பிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது. ம் மேலிருந்ததைக் காணவே இல்லை. ராத்திரி இரண்டரை மணிக்கு டார்ச் அடித்துத் தரையெல்லாம் தேடினேன். கடைசியில் தங்கச்சியின் பேப்பர் பஞ்ச்சை எடுத்து, மிச்சமிருந்த பச்சை அட்டையில் ஒரு ஓட்டை போட்டு, விழுந்த வட்டத்தைப் பசை தடவி ஒட்டினேன். மற்றப் புள்ளியை விட அது கொஞ்சம் பெரிது. டீச்சர் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிகிறது.