பிணம் காணாமல் போன பிறகுதான் கதையே

அக்கா மகளுக்கு 11 வயது. பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த புத்தகத்தின் பின்னட்டையைப் படித்துவிட்டு அக்கா போன் செய்தாள். "சின்னப் பிள்ளைக்கு எதுக்குடி கொலைக் கதை? வேற நல்ல கதையே கிடைக்கலையா உனக்கு?" அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

புத்தகம் ராபின் ஸ்டீவன்ஸ் எழுதிய 'மர்டர் மோஸ்ட் அன்லேடிலைக்'. 2014இல் வந்தது. கதை நடப்பது 1934இல், இங்கிலாந்தில் டீப்டீன் என்ற பெண்கள் விடுதிப் பள்ளியில். டெய்சி வெல்ஸ், ஹேசல் வோங் என்று இரண்டு மாணவிகள், ரகசியமாக ஒரு துப்பறியும் சங்கம் வைத்திருக்கிறார்கள். டெய்சி தலைவர், ஹேசல் செயலாளர். அதுவரை அவர்கள் கண்டுபிடித்த பெரிய வழக்கே கூடப் படிக்கும் ஒருத்தியின் காணாமல் போன டை. அப்புறம் ஒருநாள் மாலை உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் ஹேசல், அறிவியல் டீச்சர் மிஸ் பெல் தரையில் இறந்து கிடப்பதைப் பார்க்கிறாள். ஓடிப்போய் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தால் பிணத்தைக் காணோம். டீச்சர் ராஜினாமா செய்துவிட்டார் என்று பள்ளி முழுக்கப் பேச்சு. ஒரு கடிதமும் இருக்கிறது. எல்லோருக்கும் அது போதுமாக இருக்கிறது.

எனக்கு இந்த இடம்தான் முக்கியம். பயமுறுத்துவது பிணம் இல்லை. கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லியும் பெரியவர்கள் யாரும் கேட்கத் தயாராக இல்லை என்பதுதான். எந்தக் குழந்தைக்கு இது புதிது? "நீ சும்மா இரு, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்ற வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்த ஒருவரை எனக்குக் காட்டுங்கள். கொலை என்பதால்தான் இந்த அலட்சியத்துக்கு இவ்வளவு கனம் வருகிறது. காணாமல் போனது வெறும் பென்சில் டப்பா என்றால் பெரியவர்கள் நம்பாததில் ஒரு நியாயம் இருந்துவிடும். ஒரு மனுஷி செத்துக் கிடந்தாள், அதையும் நம்பவில்லை என்னும்போது குழந்தை வாசகருக்கு வருகிற கோபம் சரியான கோபம்.

கொலையே இல்லாத சிறுவர் துப்பறியும் கதைகள் எனக்கும் பிடிக்கும். ஜெர்மன் எழுத்தாளர் எரிக் கேஸ்ட்னரின் 'எமிலும் துப்பறிவாளர்களும்' (1929) நாவலில் வரும் எமிலை மறக்க முடியுமா? ரயிலில் தூங்கிப்போன பையனிடமிருந்து 140 மார்க் திருட்டுப் போகிறது. தொலைந்துவிடக் கூடாதென்று நோட்டுகளை அவன் கோட்டோடு சேர்த்து ஊசியால் குத்தி வைத்திருந்தான். அந்த ஊசித் துளைகள்தான் கடைசியில் பணம் அவனுடையது என்று நிரூபிக்கின்றன. இதைவிட அழகான தடயம் பெரியவர்கள் கதையிலும் குறைவு. எனிட் பிளைட்டனின் 'ஃபைவ் ஃபைண்ட்-அவுட்டர்ஸ்' என்ற சிறுவர் துப்பறியும் கதை வரிசை 1943இல் ஒரு எரிந்த குடிசையில் தொடங்குகிறது. தீ வைப்பு, திருட்டு, ஆள் காணாமல் போவது என்று போகும். கொலை கிடையாது. ஆனால் 1943இல் அதைப் படித்த ஆங்கிலேயப் பிள்ளைகள் யார்? குண்டுவீச்சுக்குப் பயந்து ஊர் விட்டு ஊர் அனுப்பப்பட்டவர்கள், அப்பா போரிலிருந்து திரும்புவாரா என்று காத்திருந்தவர்கள். அவர்களுக்குச் சாவு தெரியாததால் அந்தப் புத்தகங்களில் கொலை வராமல் போகவில்லை. ஆறுதலுக்காகப் படித்தார்கள், சரி. ஆறுதல் மட்டுமே போதும் என்று நாம் முடிவு செய்துவிடக் கூடாது.

கொலைக் கதை படித்தால் பிள்ளைகளுக்கு உயிரின் மதிப்பு மரத்துப்போகும் என்கிறார்கள். அப்படி மரக்கவைக்கும் புத்தகங்கள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஸ்டீவன்ஸ் செய்வது நேர் எதிர். டெய்சிக்கு முதலில் இது அற்புதமான விளையாட்டு. ஹேசலுக்கு அப்படி இல்லை, அவள் அந்த முகத்தைப் பார்த்தவள், அவளால் தூங்க முடியவில்லை. செத்துப்போனது நமக்குப் பாடம் நடத்திய டீச்சர் என்பதை அவள் விடாமல் பிடித்துக்கொள்கிறாள், தோழிகளுக்குள் உரசலே இதில்தான். இந்த வரிசையின் இரண்டாம் புத்தகத்தில் ஸ்டீவன்ஸ் கதையை டெய்சியின் சொந்த வீட்டுக்கே கொண்டுபோகிறார். அவளுடைய பிறந்தநாள் தேநீர் விருந்தில் ஒரு விருந்தாளி விஷத்தால் சாகிறார். சந்தேகப் பட்டியலில் அம்மா, அப்பா, அண்ணன், மாமா. விளையாட்டாக ஆரம்பித்த பெண் அந்தப் பட்டியலை எழுதியாக வேண்டும். பெரியவர்களுக்கான எத்தனையோ துப்பறியும் நாவல்களில் பிணம் என்பது புதிரின் முதல் கட்டம், அவ்வளவுதான். யாரும் அழக்கூட மாட்டார்கள். குழந்தைகளுக்கு எழுதும்போது அப்படி நழுவ முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதை சொல்லும் ஹேசல் ஹாங்காங்கிலிருந்து வந்தவள். 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். அதில் ஐந்தாவது, கதையில் சீனாக்காரன் வரக்கூடாது என்பது. சீனர் என்றாலே மர்ம வில்லன் என்று மலிவாக எழுதித் தள்ளியவர்களைக் கேலி செய்யத்தான் அப்படி எழுதினார். ஆனாலும் அந்தக் கதைகளுக்குள் ஒரு சீனர் வேறு எப்படி வரலாம் என்று யாரும் யோசிக்கவில்லை என்பது அதிலேயே தெரிகிறது. அதே காலத்து இங்கிலாந்தில், சீனச் சிறுமி ஒருத்தி நோட்டுப் புத்தகமும் கையுமாக உட்கார்ந்து முழு வழக்கையும் எழுதுகிறாள். சீன ஷெர்லாக் ஹோம்ஸ் என்று யாராவது கேள்விப்பட்டதுண்டா என்று தொடக்கத்தில் தன்னைத்தானே குறைத்துக்கொள்கிறவள் அவள். 2018இல் வந்த 'எ ஸ்பூன்ஃபுல் ஆஃப் மர்டர்' ஹாங்காங்கில் நடக்கிறது. அங்கே அந்நியமாக நிற்பது டெய்சி. அந்த இடமாற்றத்துக்காகவே அதை எல்லாப் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்பேன்.

ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைக் கொடுக்க மாட்டேன். பத்து, பதினொன்று ஆகட்டும், கூட ஒருவர் படித்தால் இன்னும் நல்லது. அதே இரண்டு பெண்கள் போகிற இடமெல்லாம் கொலை நடப்பது, ஒன்பது நாவல்கள் வரும்போது கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது.

அக்காவிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. மூன்று வருஷம் முன்னால் எங்கள் அப்பா இறந்தபோது இந்தப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார் என்றோம். நானும் சேர்ந்துதான் சொன்னேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவள் என்னிடம் வந்து, "சித்தி, தாத்தா ஊருக்குப் போனா செருப்பு ஏன் இங்கயே இருக்கு?" என்று கேட்டாள். தடயத்தை அவளே எடுத்துவிட்டாள். பதில் சொல்ல நம்மிடம்தான் ஆள் இல்லை. மிஸ் பெல் ராஜினாமா செய்துவிட்டார் என்ற வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செருப்புதான் ஞாபகம் வருகிறது.

அவள் இப்போது இரண்டாம் புத்தகத்தில் இருக்கிறாள். நேற்று இரவு அக்கா போனிலிருந்து கூப்பிட்டு, டெய்சியோட அம்மா பெயரைப் பட்டியலில் இருந்து அடித்துவிடலாமா என்று கேட்டாள். ஏன் அடிக்கணும்னு தோணுது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "அம்மாங்கிறதால" என்றாள். பின்னால் அக்கா, "அது காரணம் ஆகாதுடி, அன்னிக்கு டீயை யார் ஊத்திக் கொடுத்தான்னு பாரு" என்று சொன்னது எனக்குக் கேட்டது.