சொத்தை விற்ற கதையும் தேக்கடி ஏரியின் கதையும்

ஜனவரி 15 வந்தால் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பொங்கலோடு இன்னொரு விசேஷமும் சேர்ந்துகொள்ளும். பெரியாறு அணையைக் கட்டிய ஆங்கிலேய இன்ஜினியர் பென்னிகுயிக்கின் பிறந்தநாள். லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் பொங்கல் வைப்பார்கள், சிலைக்கு மாலை போடுவார்கள். அதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. அவர் படத்தைச் சாமி படங்களோடு சேர்த்து மாட்டியிருக்கும் வீடுகளில் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். சங்கடமெல்லாம் அன்றைக்குச் சுற்றிவரும் ஃபார்வர்டு பற்றித்தான். பாதியில் ஆங்கில அரசு பணத்தை நிறுத்திவிட்டதாம். இவர் இங்கிலாந்து போய்ச் சொத்தையெல்லாம் விற்று, மனைவியின் நகையையும் விற்று, அந்தக் காசில் பெரியாறு அணையைக் கட்டி முடித்தாராம்.

இதற்கு ஒரு பத்திரம், ஒரு கடிதம், ஒரு கணக்குச் சீட்டு என்று இதுவரை எதையும் நான் பார்த்ததில்லை. மேடையில் கண்கலங்கச் சொல்பவர்களும் காட்டியதில்லை. கொஞ்சம் யோசித்தாலே கதை இடிக்கிறது. பென்னிகுயிக் ராயல் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த அதிகாரி. மதராஸ் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். திட்டத்துக்கு ஆன செலவு அந்தக் காலத்திலேயே 80 லட்சம் ரூபாய்க்கு மேல். ஒரு அரசு இன்ஜினியரின் வீடும் நகையும் அதில் எந்த மூலைக்கு? அணை முடிந்த பிறகு அவர் இங்கிலாந்து திரும்பி, இந்தியாவுக்கு இன்ஜினியர்களைத் தயார்செய்த கூப்பர்ஸ் ஹில் கல்லூரிக்குத் தலைவரானார். ஓட்டாண்டியாகிப் போனவரின் கதையாக அது தெரியவில்லை.

எங்கள் பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, "வித்தாரோ விக்கலையோ, தண்ணி வருதுல்லடா" என்றார். ஜூன் மாதம் மதகு திறக்கிறதா இல்லையா என்பதை வைத்து வருஷத்தைக் கணக்குப் போடுகிற மனிதர் அப்படித்தான் சொல்வார். ஆனால் எனக்கு ஒரு குறை இருக்கிறது. ஒரு தனிமனிதரின் தியாகமாகக் கதையைச் சுருக்கிவிட்டதால், அந்த ஏரி எப்படி உருவானது என்பதே நமக்கு மறந்துபோய்விட்டது. உண்மையில் நடந்தது இந்த ஃபார்வர்டைவிடப் பல மடங்கு சுவாரசியமானது.

ஏரி என்றுதான் சொல்கிறேன். நாம் எல்லோரும் அணையைப் பற்றியே பேசுகிறோம். அணை என்பது 1,200 அடி நீளமுள்ள ஒரு சுவர். அந்தச் சுவர் உண்டாக்கியது 26 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கும் ஒரு மலை ஏரியை. 1895க்கு முன்னால் தேக்கடியில் ஏரி கிடையாது. அது காடும் பள்ளத்தாக்கும் அவற்றின் நடுவே ஓடும் ஆறுமாக இருந்த இடம். படகில் போகிறவர்கள் தண்ணீருக்குள் கறுப்பாக நிற்கும் பட்டமரங்களைப் படம் எடுத்து 'இயற்கையின் அழகு' என்று போடுகிறார்கள். அவை அன்று மூழ்கிய காட்டின் மரங்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் விழாமல் நிற்கின்றன. இப்போது நீர்க்காகமும் பாம்புத்தாராவும் அவற்றின்மேல் உட்கார்ந்து சிறகு உலர்த்துகின்றன.

சரி, எதற்காக அங்கே ஒரு ஏரி? பெரியாறு சிவகிரி மலைப்பக்கம் பிறந்து, மேற்கே போய் அரபிக்கடலில் சேரும் ஆறு. மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும். இந்தப் பக்கம் நாம் மழை மறைவில் இருக்கிறோம்; வைகையில் பாதி நாள் மணல்தான். அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பினால் என்ன என்ற யோசனை பென்னிகுயிக்குக்கு மட்டுமல்ல, எந்த ஆங்கிலேயருக்கும் முதலில் வந்ததல்ல. 1789 வாக்கில் ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி (அமைச்சர்) முத்து இருளப்ப பிள்ளை ஆள் அனுப்பி மலையைப் பார்த்துவரச் செய்திருக்கிறார். பணம் இல்லாமல் அது அத்தோடு நின்றது. 1808இல் கால்டுவெல் என்ற கேப்டன் போய்ப் பார்த்துவிட்டு, இது வெறும் கற்பனை, மேற்கொண்டு கவனிக்கத் தகுதியில்லை என்று எழுதிவைத்தார். (திருநெல்வேலி கால்டுவெல் அல்ல, இவர் வேறு.) 1850இல் சின்னதாக ஒரு வேலை தொடங்கி, காய்ச்சலுக்குப் பயந்து கூலிகள் நிற்காமல் போனதால் கைவிட்டார்கள். 1860களில் ரைவ்ஸ் என்ற மேஜர் மண் அணை ஒன்றுக்குத் திட்டம் போட்டார். கோப்பு நகர்ந்துகொண்டே இருந்தது.

கோப்பைத் தூசி தட்ட வைத்தது 1876–78 பஞ்சம். தென்னிந்தியாவில் லட்சக்கணக்கானவர்கள் பசியில் செத்த பஞ்சம் அது. அதன் பிறகுதான் மதராஸ் அரசு இந்தத் திட்டத்தைத் தீவிரமாக எடுத்தது. 1882இல் திட்டத்தைப் புதிதாகத் தயாரிக்கும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. அரசுக்கு மனசு இளகியது என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பஞ்ச நிவாரணம் செலவு, பாசனம் வரவு. நிலவரியும் தண்ணீர்த் தீர்வையும் கிடைக்கும் என்ற கணக்கு அதில் இருந்தது. சொத்தை விற்ற கதை மறைத்துவிடுவது இந்தப் பஞ்சத்தையும் இந்தக் கணக்கையும்தான்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அணை இருக்கும் இடமும், தண்ணீர் நம் பக்கம் வரும் இடமும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவில் ஏரி கிடக்கிறது. முல்லையாறு பெரியாற்றோடு கலக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, ஆறு இரண்டு குன்றுகளுக்கு நடுவே குறுகி ஓடும் இடத்தில் சுவரை எழுப்பினார்கள். ஓட வழியில்லாத தண்ணீர் பின்வாங்கி ஏறுகிறது. பக்கத்துப் பள்ளங்களில் எல்லாம் புகுந்து கைகளாக விரிகிறது. அதில் ஒரு கை வடக்கே தேக்கடி வரை நீள்கிறது. அங்கேதான் இரண்டு பக்கத்தையும் பிரிக்கும் மலை ஒல்லியாக இருக்கிறது. அங்கே சுமார் ஒரு மைலுக்குப் பள்ளமான வாய்க்காலை வெட்டி, அதன் முடிவில் 5,704 அடி நீளச் சுரங்கத்தைப் பாறையில் குடைந்தார்கள். மேற்கே ஓடிய ஆறு ஏரியாகி, உயர்ந்து, மலையைத் துளைத்துக் கிழக்கே விழுகிறது. பம்பு இல்லை, மோட்டார் இல்லை. ஆற்றைத் தேவையான உயரத்துக்குத் தூக்கிக் கொடுப்பதுதான் அந்த ஏரியின் வேலை. மண் அணை வேண்டாம், சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும் கல்லும் சேர்த்த கட்டுமானம்தான் அந்த இடத்துக்குச் சரி என்று முடிவெடுத்ததும், அந்த முடிவைக் காட்டாற்றின் நடுவே நிறைவேற்றியதும் பென்னிகுயிக்கின் சாதனை. இதற்கு மேல் அவருக்கு எதற்கு நகை விற்ற கதை?

இன்னொரு விஷயம், நம் ஊர்க்காரர்களே பலர் கவனிக்காதது. சுரங்கத்துக்குப் போகும் வழியின் மட்டம் 104 அடி. அதற்குக் கீழே இருக்கும் தண்ணீர் நமக்கு வரவே வராது. செய்தியில் 'அணை நீர்மட்டம் 115 அடி' என்று வாசித்தால், நமக்கு உபயோகப்படுவது மேலே இருக்கும் பதினோரு அடிதான். மீதி எப்போதும் ஏரியாகவே கிடக்கும். கடும் கோடையிலும் தேக்கடியில் யானைகள் தண்ணீருக்கு இறங்குவதும் படகு ஓடுவதும் அந்த 104 அடியின் தயவு.

வேலை 1887இல் தொடங்கியது. நிலம் திருவிதாங்கூருக்குச் சொந்தம். 1886 அக்டோபர் 29 அன்று 999 வருஷக் குத்தகை எழுதினார்கள். ஏக்கருக்கு 5 ரூபாய், 8,000 ஏக்கருக்கு வருஷத்துக்கு 40,000 ரூபாய். இந்தக் குத்தகை நியாயமா என்று இரண்டு மாநிலத்திலும் தொண்டை வறளப் பேசுகிறார்கள். 1970இல் ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தி, மீன்பிடி உரிமையைக் கேரளத்துக்கு விட்டுக்கொடுத்து மறு ஒப்பந்தம் போட்டதை மட்டும் பலர் சொல்வதில்லை.

கட்டியவர்கள் யார்? மதராஸ் பயோனியர்ஸ் பட்டாளத்தின் சிப்பாய்கள். கொச்சியிலிருந்து வந்த போர்ச்சுகீசிய வம்சத் தச்சர்கள். அப்புறம், இரண்டு பக்கத்துச் சமவெளியிலிருந்தும் ஏறிவந்த கூலிகள், ஆயிரக்கணக்கில். ஓடுகிற ஆற்றில் அஸ்திவாரம் போட முதலில் ஆற்றைத் திருப்ப வேண்டும். அதற்குப் போட்ட தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போனது. மாதக்கணக்கில் செய்த வேலை ஒரு ராத்திரி மழையில் காணாமல் போகும். மறுபடி மரம் வெட்டு, மண் போடு, கல் இறக்கு. 'அரசு பணத்தை நிறுத்தியது' என்ற கதையே இந்த உடைப்புகளிலிருந்துதான் கிளம்பியிருக்கும் என்பது என் ஊகம்.

வெள்ளத்தைவிடக் கொடியது மலேரியா. காலராவும் வந்தது. இந்த வேலையில் இருந்த இன்ஜினியர் மெக்கென்சி பிறகு திட்டத்தின் வரலாற்றை எழுதினார். சாராயத்தின் மருத்துவ குணம் மட்டும் இல்லாவிட்டால் அணை முடிந்தே இருக்காது என்று அதில் சொல்கிறார். சிரிப்பு வரலாம். ஆனால் குளிரில், இடுப்பளவுத் தண்ணீரில், காய்ச்சலோடு நின்று கல் சுமந்தவனுக்குக் கிடைத்த மருந்து அதுதான் என்றும் அதைப் படிக்கலாம். நோயில் இறந்ததாகக் கணக்கில் இருப்பவர்கள் 483 பேர். அணைக்குப் பக்கத்திலேயே கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இந்த 483 பேரில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? நம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் என்று பெயர் வைக்கிறோம். அந்தக் கூலிகளின் பேரன் பேத்திகளும் இதே ஊர்களில்தான் இருப்பார்கள். என் தாத்தாவின் தாத்தா அணை வேலையில் செத்தார் என்று சொல்லிக்கொள்கிற ஒரு குடும்பத்தைக்கூட நான் பார்த்ததில்லை. சொத்தை விற்ற ஒருவர் கதையில் நாயகனாக வந்து நின்றால், உயிரை விட்டவர்களுக்கு அங்கே இடம் இருக்காது. என் ஆத்திரம் இதுதான்.

1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். தண்ணீர் சுருளியாற்றில் இறங்கி, வைகையில் கலந்து, மேலூர் வரை போனது. இன்றைக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைவது இந்தத் தண்ணீரில். உசிலம்பட்டிப் பக்கம் மட்டும் காய்ந்தே கிடந்தது. அவர்கள் 58 கிராமக் கால்வாய்க்காகப் பல தலைமுறை போராட வேண்டியிருந்தது. அது தனிப் பதிவு.

ஏரி வந்த பிறகு அதைச் சுற்றி நடந்ததும் கவனிக்க வேண்டியது. 1899இல் திருவிதாங்கூர் அரசு ஏரியைச் சுற்றிய காட்டைக் காப்புக்காடு ஆக்கியது. 1934இல் அது நெல்லிக்காம்பட்டி வேட்டை விலங்குச் சரணாலயம், 1950இல் பெரியாறு வனவிலங்குச் சரணாலயம், 1978இல் புலிகள் காப்பகம். பீருமேடு பக்கம் தேயிலை மலை மலையாக ஏறிக்கொண்டிருந்த காலம் அது. ஏரி வந்திருக்காவிட்டால் இந்தக் காடும் தேயிலையாகவோ ஏலமாகவோ மாறியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு காட்டை மூழ்கடித்த தண்ணீர், மிச்சக் காட்டுக்குக் காவல் ஆனது. இதைச் சொன்னால் சூழலியல் நண்பர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். அணை என்றாலே அழிவு என்பது அவர்கள் பாடம். பல இடங்களில் அது உண்மையும்கூட. இந்த இடத்தில் அவ்வளவு சுலபமில்லை. மன்னான், பளியர் பழங்குடி மக்கள் இன்றும் அந்த ஏரியில் மீன் பிடித்து வாழ்கிறார்கள்; மேற்கே, வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு பக்கம் ஆறு மெலிந்துபோய்க் கிடக்கிறது. இரண்டும் அதே அணையால்தான்.

அணையில் தண்ணீர் தேக்குவது 142 அடி வரையா 152 அடி வரையா என்ற சண்டைக்குள் இப்போது போகவில்லை. 1979இல் குஜராத்தில் மோர்வி அணை உடைந்த பயத்தில் இங்கே மட்டத்தை 136 அடியாகக் குறைத்தார்கள். பிறகு கான்கிரீட் போட்டு, கம்பி வடம் இறக்கி அணையைப் பலப்படுத்தினார்கள். 2006லும் 2014லும் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது. அணைக்குக் கீழே குடியிருப்பவரின் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. அந்தப் பயத்தை ஓட்டாக்கும் அரசியல்வாதி வேறு ஆள். ஒன்று மட்டும் வேடிக்கை. கேரளத்து நண்பர்கள் அணையை வெடிகுண்டு என்று சொல்லிவிட்டு, அதே அணை உண்டாக்கிய ஏரியில் குடும்பத்தோடு படகில் போகிறார்கள். நம் ஆட்கள் 'எங்கள் தண்ணீர்' என்கிறார்கள். அந்தத் தண்ணீரைப் பிடித்துவைத்து விடும் சோலைக்காட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்தக் காடு போனால் ஏரி வண்டலால் நிரம்பும். அப்போது எத்தனை அடி என்று சண்டை போட என்ன இருக்கும்?

எழுதி முடிக்கும் முன்பே தெரியும், "பென்னிகுயிக்கையே குறை சொல்கிறாயா" என்று ஒருவராவது வருவார். குறை சொல்லவில்லை அண்ணே. அடுத்த ஜனவரி 15க்கு அவருக்கு மாலை போடும்போது, முத்து இருளப்ப பிள்ளை பெயரையும், கல்லறைத் தோட்டத்தில் கிடப்பவர்களையும் மைக்கில் ஒரு தடவை சொல்லச் சொல்கிறேன். சொத்து விற்ற பத்திரம் யாரிடமாவது நிஜமாகவே இருந்தால் கமெண்டில் போடுங்கள், படிக்கிறேன். வாட்ஸ்அப் படம் வேண்டாம்.