வெள்ளை மார்க்கர் என்னும் எட்டாவது பச்சை

இந்த வெள்ளை மார்க்கரைத் தயாரித்த புண்ணியவான் கையில் கிடைத்தால், நன்றாகக் குலுக்கி, தலைகீழாக நிறுத்தி, மண்டையைத் தரையில் பத்து முறை அழுத்தி, ஏதாவது வருகிறதா என்று பார்க்கப்போகிறேன். பெட்டிக்குப் பின்னால் அவர் போட்டிருக்கும் செய்முறையே அதுதான்.

24 கலர் பெயின்ட் மார்க்கர் பெட்டி, 349 ரூபாய். ரிவ்யூ படித்துவிட்டுத்தான் வாங்கினேன். ‘சூப்பர், இன்னும் பிரிக்கவில்லை’, 5 ஸ்டார். ‘டெலிவரி தம்பி தங்கமான பிள்ளை’, 5 ஸ்டார். தம்பி நன்றாக இருக்கட்டும். பேனா எழுதுமா என்று ஒரு ஆத்மாவாவது சொல்லியிருக்கலாம்.

கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு ஆளுக்கொரு கிளி. எம்டிஎஃப் பலகையில் வெட்டியது, மொத்தம் 21. கலர் அடித்து, பின்னால் காந்தம் ஒட்டினால் ஃபிரிட்ஜில் உட்கார்ந்துகொள்ளும். ராத்திரி பதினொரு மணிக்கு மொபைலோடு படுத்திருக்கும்போது இப்படித்தான் யோசனைகள் வரும்.

24 கலரில் ஏழு பச்சை. கிளிக்குத்தானே, நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். மூடியில் கிளிப்பச்சை, மரத்தில் குளத்துப் பாசி. எம்டிஎஃப் என்பது மர நாரைப் பிசினோடு சேர்த்துச் சூடாக அழுத்திய பலகை. ஈரம் பட்டதும் நார் எழும்பிச் சொரசொரவென்று ஆகிவிடுகிறது. வெட்டிய ஓரம் அதைவிட மோசம். நாலு முறை பூசினாலும் அப்படியே குடித்துவிட்டு, ‘அப்புறம்?’ என்கிறது. மூன்றாவது கிளியிலேயே நிப் பழைய பல் பிரஷ் மாதிரி விரிந்துவிட்டது. முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணுமாம், வெள்ளை ப்ரைமர் அடிக்கணுமாம், காயவிட்டு மறுபடி தேய்க்கணுமாம். அவ்வளவு பொறுமை இருந்தால் பிரஷும் பெயின்ட்டும் வாங்கியிருக்க மாட்டேனா? மார்க்கர் வாங்கியதே சோம்பேறித்தனத்துக்குத்தானே.

சரி, அதெல்லாம் போகட்டும். கண்ணுக்கு வருகிறேன்.

சிலைக்குக் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். நானும் அந்த மரியாதையோடு 21 கிளிகளையும் முடித்து, வரிசையாகப் படுக்க வைத்து, வெள்ளையைக் கையில் எடுத்தேன். குலுக்கினேன். உள்ளே குண்டு கடகடவென்றது. அழுத்தினேன். நிப் உள்ளே போனது, வெளியே வந்தது, காய்ந்த முகத்தோடு என்னைப் பார்த்தது. மறுபடி குலுக்கல், மறுபடி அழுத்தல். இருபதாவது அழுத்தலில் மோர் கரைத்த தண்ணீர் மாதிரி ஒரு ஈரம் தெரிந்தது. வெள்ளைக்கு மூடுதிறன் தருவது டைட்டானியம் டை ஆக்ஸைடு. விலை கூடின சரக்கு. இந்தப் பேனாவில் அதைக் கண்ணில் காட்டிவிட்டு எடுத்துவிட்டார்கள் போல.

கிளி மேல் ஒரு புள்ளி வைத்தேன். கண் எங்கே என்று எனக்கே தெரியவில்லை. அதே இடத்தில் இன்னொரு புள்ளி. அடியில் இருந்த பச்சை முழுசாகக் காயவில்லை போலிருக்கிறது, அது இளகி நிப்பில் ஏறிக்கொண்டது. இப்போது வெள்ளை மார்க்கரும் பச்சை. ஆக, எட்டு பச்சை. நிப்பை நைட்டியில் துடைத்தேன். ஃபேனைப் போட்டேன். காபி குடித்தேன். திரும்பி வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது புள்ளிக்கு லேசாகத்தான், சத்தியமாக லேசாகத்தான் அழுத்தினேன்.

புளுக்.

மொத்தமும் வந்துவிட்டது. இருபது அழுத்தலுக்கு வராத அத்தனையும் ஒரே நேரத்தில். கண், மூக்கு, கழுத்து எல்லாம் வெள்ளம். டிஷ்யூவால் ஒற்றினேன், இறக்கையும் போயிற்று. நைட்டியில் துடைத்தது மட்டும் கச்சிதமாகக் காய்ந்துவிட்டது. ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, ஒன்றும் நடக்கவில்லை. மரத்தில் நிற்காத கலர் துணியில் ஆயுசுக்கும் நிற்கிறது.

அப்போது பார்த்து அத்தை வந்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எல்லாத்தையும்விட இந்தக் கொக்கு நல்லா வந்திருக்கும்மா.”

தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவள்தான், நிறுத்த முடியவில்லை. அவருக்கு எதற்கென்றே புரியவில்லை, அவரும் சேர்ந்து சிரித்தார்.

மீதி 20 கிளிகளுக்கும் கண் வந்துவிட்டது. போன வருஷம் சுவருக்கு அடித்து மிஞ்சிய எமல்ஷன் பரணில் கிடந்தது; ஊதுபத்திக் குச்சியில் தொட்டு வைத்தேன். ஒரே புள்ளி, பளிச். 349 ரூபாய்!

பரணிலிருந்து இறங்கும்போதுதான் கவனித்தேன், பக்கத்து வீட்டு மாடித் தொட்டி வழிந்துகொண்டிருக்கிறது. தினமும் இதே கதை. தெருவே நனைந்து கிடக்கிறது, எழுந்துபோய் அந்த மோட்டாரை நிறுத்த அங்கே ஒருத்தருக்குக்கூடக் கை இல்லையா?