மொத்த மார்க்கை வைத்துக் கிண்டி கிடைப்பதில்லை

"இங்கிலீஷில் 61தான், கிண்டி பொறியியல் கல்லூரி கிடைக்குமா?" என்று அரூர் தங்கை கேட்டதற்கு, "600க்கு 570 இல்லையென்றால் விண்ணப்பிப்பதே வீண்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அது தவறு.

பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப்தான் கணக்கு, அதாவது பிளஸ் டூவில் மூன்று பாடங்களின் மார்க்கைச் சேர்த்து வருவது. கணிதம் 100க்கு அப்படியே; இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி; ஆக 200. கணிதம் 98, இயற்பியல் 96, வேதியியல் 94 என்றால் 98 + 48 + 47 = 193. தமிழும் ஆங்கிலமும் இதில் வரவே வராது, பாஸ் ஆனால் போதும். ஒரே கட்-ஆஃபில் பலர் நின்றால் முதலில் கணித மார்க், அப்புறம் இயற்பியல். மொத்த மார்க் அதற்கெல்லாம் பின்னால்தான்.

தங்கை 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்கிறாள். அப்படிப் படித்தவர்களுக்குப் பொறியியலில் 2021 முதல் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் இது தெரியாமலே கடன் வாங்கிப் பிள்ளையைச் சேர்க்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

கிண்டியில் போட்டி கடுமைதான். ஆனாலும் விருப்பப் பட்டியலில் அதை முதலில் போடும்மா, கீழே நம் தருமபுரி பக்கத்துச் செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரியையும் போடு. மேலே உள்ளது கிடைக்காவிட்டால் அடுத்ததைத்தான் பார்ப்பார்கள், உனக்கு நஷ்டம் எதுவும் இல்லை.